தையல் ஆறிவிட்டது, விரல் மடங்கவில்லை: ஆபரேஷன் வேண்டுமா, கை திரும்ப வருமா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. மழையில் சாய்ந்துபோன குறுவையைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய அப்பாவுக்கு இடது கையில் கருக்கரிவாள் பட்டுவிட்டது. அப்பாவுக்கு வயது 54. சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும், உள்ளங்கைப் பக்கமாக, விரல் அடியில் வெட்டு. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஏழு தையல் போட்டார்கள். 12-ஆம் நாள் தையல் பிரித்தாயிற்று. புண் சுத்தமாக ஆறிவிட்டது. ஆனால் இரண்டு விரலும் மடங்கவில்லை, சுண்டுவிரல் நுனி மரத்தே கிடக்கிறது. இன்னொரு டாக்டர் "நரம்பு அறுந்திருக்கு, தஞ்சாவூர் போய் ஆபரேஷன் பண்ணுங்க" என்கிறார். சொந்தக்காரர்கள் "எண்ணெய் போட்டு நீவிவிட்டால் போதும், கொஞ்ச நாள் பொறு" என்கிறார்கள். ஆபரேஷன் தேவையா, செய்தால் கை பழையபடி வருமா, எத்தனை நாள் ஆகும் என்பது அவர் கேள்வி.

தம்பி, விளக்கத்துக்கு முன்னால் அவசரமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே கிளம்புங்கள், அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விரலை மடக்கும் தசைநாண்கள் அறுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அறுந்த தசைநாண் நீவிவிட்டு ஒட்டாது. காயம் பட்ட இரண்டு வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் அறுந்த இரண்டு முனைகளையும் நேராக இழுத்துத் தைத்துவிட முடியும். மூன்று, நான்கு வாரம் தாண்டிவிட்டால் வேலை வேறு மாதிரி ஆகிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்கு இப்போது 12 நாள் முடிந்திருக்கிறது. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

நான் தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பங்கு கைக் காயங்கள்தான். ஆபரேஷன் செய்வது சர்ஜன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து மூன்று மாதம் அந்தக் கையோடு இருப்பது என் போன்றவர்கள். அதனால் நான் சொல்வதில் ஆபரேஷனைவிட அதற்குப் பிந்தைய காலம் கூடுதலாக இருக்கும். கை திரும்ப வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் முடிவாகிறது.

முதலில் இந்த "நரம்பு" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நம் ஊரில் ரத்தக்குழாயும் நரம்பு, உணர்ச்சி கொண்டுபோவதும் நரம்பு, விரலை இழுக்கும் கயிறும் நரம்பு. "நரம்பு கட் ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் எது அறுந்தது என்று ஒவ்வொரு முறையும் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றும் மூன்று கதை. விரலின் இரண்டு பக்க ரத்தக்குழாயும் அறுந்தால் விரல் வெளுத்துக் குளிர்ந்துவிடும், உடனே தெரியும். உணர்வு நரம்பு அறுந்தால் விரல் மரத்துப்போகும். இழுக்கும் கயிறு, அதாவது டாக்டர்கள் டெண்டன் என்று சொல்லும் தசைநாண் அறுந்தால், விரல் மடங்காது அல்லது நீளாது. உங்கள் அப்பாவுக்கு மடங்கவும் இல்லை, மரத்தும் இருக்கிறது. அப்படியென்றால் தசைநாணோடு, சுண்டுவிரலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வு நரம்பும் பட்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் "ரெண்டும் போயிருக்கா?" என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே ஆபரேஷனில் தைப்பார்கள்.

விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. நம்பச் சிரமமாக இருந்தால் உங்கள் வலது கையை இறுக்கி மூடித் திறந்து, இடது கையால் முழங்கைக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். அங்கே சதை உருளும். விரலை மடக்கும் எஞ்சின் அங்கே இருக்கிறது. அங்கிருந்து மணிக்கட்டு வழியாக விரல் நுனி வரை கயிறு வருகிறது. கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் இப்படி இரண்டு கயிறு. ஒன்று நடு எலும்போடு நின்றுவிடும், இன்னொன்று நுனி எலும்பு வரை போகும். தூண்டில் கோலில் நூல் வளையம் வளையமாக நுழைந்து போகிறதே, அதே போல விரலிலும் எலும்பை ஒட்டிச் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கின்றன. அந்த வளையங்கள் இல்லையென்றால், விரலை மடக்கும்போது கயிறு எலும்பை விட்டு விலகி வில் நாண் போல விறைத்து நிற்கும்.

அப்பாவுக்கு வெட்டுப்பட்ட இடம் உள்ளங்கையின் மேல் ரேகைக்கும் விரலின் நடு மூட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. இரண்டு கயிறும் ஒரே குறுகலான குழாய்க்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் இடம் அது. கை அறுவை சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க சர்ஜன் ஸ்டெர்லிங் பனல் அதற்கு "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்று பெயர் வைத்தார். இரண்டு படைகளுக்கு நடுவே யாரும் கால் வைக்கக் கூடாத பூமி என்று பொருள். அங்கே தைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எனவே தைக்காதே, தோலை மட்டும் மூடு, பிறகு வேறு தசைநாண் எடுத்து ஒட்டு என்பதுதான் அன்றைய பாடம். 1960களில் சுவிட்சர்லாந்தின் வெர்டானும் அமெரிக்காவின் கிளைனெர்ட்டும் அங்கேயும் உடனே தைக்கலாம் என்று செய்து காட்டினார்கள். கிளைனெர்ட் தைத்ததோடு நிற்கவில்லை. விரல் நுனியில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி, தைத்த மறுநாளிலிருந்தே விரலை அசைய வைத்தார். இன்று நாங்கள் செய்யும் பயிற்சிகளுக்கெல்லாம் வேர் அந்த ரப்பர் பேண்டில் இருக்கிறது.

இப்போது வீட்டிலேயே ஒன்று பாருங்கள். அப்பாவை உட்காரவைத்து, இடது கையை மேசைமேல் உள்ளங்கை மேலே பார்க்கும்படி தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். முயற்சி எதுவும் செய்யக் கூடாது, தூங்குகிறவர் கை போல இருக்க வேண்டும். நல்ல கையில் ஆள்காட்டி விரல் லேசாக மடங்கியிருக்கும், நடுவிரல் இன்னும் கொஞ்சம், மோதிர விரல் அதைவிட, சுண்டுவிரல் எல்லாவற்றையும்விட அதிகமாக. வாழைச் சீப்பில் காய் வளைந்திருக்கும் வரிசை போல. தசைநாண் அறுந்த விரல் மட்டும் அந்த வரிசையை விட்டு நேராக நீட்டிக்கொண்டு கிடக்கும். இதைப் பார்க்க மெஷின் வேண்டாம், அரை நிமிடம் போதும். அடுத்து, பச்சைத் தண்ணீரில் அல்ல, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் கையை வைத்திருங்கள். நாற்று நடும்போது விரல் நுனி சுருங்குமே, அது போல மற்ற விரல்கள் சுருங்கும். உணர்வு நரம்பு அறுந்த விரல் நுனி சுருங்காமல் வழவழவென்று இருக்கும். மடக்கச் சொல்லிப் பலமாக இழுத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பாதி அறுந்து தொங்கும் கயிறு முழுதாக அறுந்துவிடலாம்.

அப்படியானால் முதல் நாளே இது ஏன் தெரியவில்லை? நியாயமான கேள்வி. கதிரைப் பிடித்திருந்த கை அது. கை மூடியிருந்த நிலையில் வெட்டு விழுந்தது. பிறகு விரலை நீட்டியதும், கயிற்றில் அறுந்த இடம் தோலில் இருக்கும் வெட்டை விட்டு நுனிப்பக்கம் நகர்ந்துவிடும். முழங்கைப் பக்கத்து முனையோ, சதை இழுக்கும் இழுப்பில் உள்ளங்கை வரைகூட ஏறிப் போய்விடும். புண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறவருக்கு அறுந்த முனை இரண்டுமே கண்ணில் படாது. அதனால் புண்ணைப் பார்த்துச் சொல்லக் கூடாது, விரலை அசைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தோலைத் தைப்பதற்கு முன்னால் "ஒவ்வொரு விரலா மடக்குங்க, நீட்டுங்க, இங்க தொடுறது தெரியுதா" என்று கேட்கும் ஒரு நிமிடம் எத்தனையோ கைகளைக் காப்பாற்றியிருக்கும். என் சொந்தச் சித்தப்பாவுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. நான் இந்தப் படிப்பு படிப்பதற்கு முன் நடந்தது. அவருடைய நடுவிரல் கடைசி வரை நீட்டிக்கொண்டே இருந்தது. சோறு பிசையும்போது அந்த ஒரு விரல் மட்டும் இலைக்கு வெளியே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன்.

ஆபரேஷன் பற்றி அப்பாவுக்குப் பயம் இருக்கும். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கழுத்தோரமோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்வார்கள். தோளுக்குக் கீழே ஒரு பட்டையில் காற்றேற்றி ரத்தத்தைச் சற்று நேரம் நிறுத்திவைப்பார்கள். ரத்தம் மறைக்காமல் நுணுக்கமாகத் தைக்க அது தேவை. சில சர்ஜன்கள் பட்டை இல்லாமலே, வெட்டும் இடத்தில் மட்டும் மரக்க வைத்துச் செய்கிறார்கள். அதில் ஒரு நல்ல வசதி: தைத்து முடித்ததும் மேசையில் படுத்திருப்பவரையே "மடக்குங்க பார்ப்போம்" என்று சொல்லி, தையல் வளையத்தில் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம். தோலை வளைந்து வளைந்து, கோலத்துக் கம்பி போல வெட்டித் திறப்பார்கள். நேர்க்கோட்டில் வெட்டினால் தழும்பு சுருங்கி விரலை மடக்கிவைத்துவிடும். ஏறிப்போன முனையைத் தேடி எடுத்து, வளையங்களுக்குள் நுழைத்துக் கொண்டுவந்து, நான்கு இழையோ அதற்கு மேலோ குறுக்கே போகும்படி தைத்து, சுற்றிலும் மெல்லிய நூலால் ஓரம் அடிப்பார்கள். உணர்வு நரம்பை, பூதக்கண்ணாடி அல்லது நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள்.

சரி, இனிமேல்தான் உங்கள் வீட்டு வேலை ஆரம்பம்.

தைத்த தசைநாண் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முனையோடு முனை ஒட்ட வேண்டும். ஆனால் சுற்றியிருக்கும் குழாயோடு ஒட்டிவிடக் கூடாது. உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அசையாமல் வைத்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிடும், பலமாக அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது: கயிறு குழாய்க்குள் சில மில்லிமீட்டர் போய்வர வேண்டும், அதில் பாரம் ஏறக் கூடாது. பயிற்சி என்று நாங்கள் சொல்வதெல்லாம் அந்தச் சில மில்லிமீட்டருக்காகத்தான். "ரெஸ்ட் கொடுத்தா சரியாயிடும்" என்பது காலுக்கு ஓரளவு பொருந்தலாம். விரலுக்குப் பொருந்தாது.

புறங்கைப் பக்கமாக ஒரு ஸ்பிளின்ட் போடுவார்கள். வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகடு அது, கையிலேயே வைத்து வடிவம் எடுப்போம். அது இல்லாத இடத்தில் மாவுக்கட்டு. விரல்கள் அடி மூட்டில் முன்பக்கம் மடங்கியபடி இருக்கும். முழுதாக நீட்ட முடியாதபடி தகடு தடுக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பயிற்சி தொடங்கும். ஸ்பிளின்ட்டைக் கழற்றாமலே, மற்றக் கையால் அந்த விரலை மெதுவாக மடக்கி, பிறகு தகட்டைத் தொடும் வரை தானாக நீட்ட விடுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை. ஒரே மூச்சில் நூறு தடவை செய்துவிட்டு மீதி நாள் சும்மா இருப்பதில் பலன் இல்லை. விரலைத் தானாக மடக்க எப்போது ஆரம்பிக்கலாம் என்பதைத் தையலின் பலத்தைப் பார்த்துச் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு முதல் வாரத்திலேயே லேசாகத் தொடங்குவோம், சிலருக்கு மூன்று, நான்கு வாரம் கழித்து. ஏறக்குறைய ஆறு வாரத்தில் ஸ்பிளின்ட் கழற்றப்படும். எட்டு வாரத்தில் டம்ளர் பிடிக்கலாம், சட்டைப் பட்டன் போடலாம். பாரம் தூக்கும் வேலை, அரிவாள், மண்வெட்டி எல்லாம் 12 வாரத்துக்குப் பிறகு.

இதில் அதிகமாகத் தையல் பிய்வது எப்போது தெரியுமா? வலி குறைந்து, "கை நல்லா இருக்கே" என்று தோன்றும் மூன்றாவது நான்காவது வாரத்தில். ஒருவர் வண்டியில் கிளட்ச்சைப் பிடித்தார். ஒருவர் கைலி அவிழ்ந்ததென்று இரண்டு கையாலும் இழுத்துக் கட்டினார். இன்னொருவர் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துத் தன்னை மறந்து பிடித்தார். "டப்"பென்று ஒரு சத்தம் கேட்டது போல இருந்தது, அப்புறம் விரல் தொங்கிவிட்டது என்பார்கள். அப்படி நடந்தால் மறைக்காமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும், திரும்பத் தைக்க முடியும். உங்கள் அப்பாவுக்கு இடது கை, கிளட்ச் கை. சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, "நல்ல விரலைத்தானே மடக்குறேன்" என்று நடுவிரலால் பை மாட்டித் தூக்குவதும் ஆபத்து. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றின் நுனிக் கயிறும் ஒரே சதையோடு பிணைந்தவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் இழுபடும்.

வீக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வீங்கிய விரலில் தேங்கும் நீர்தான் பிறகு பசையாகி மூட்டை இறுக்குகிறது. கழுத்தில் துணி கட்டி வயிற்றோடு கையைத் தொங்கவிடுவது நம் வழக்கம். அதில் கை நெஞ்சுக்குக் கீழே இருக்கும், வீக்கம் வடியாது, பத்து நாளில் தோளும் இறுகிவிடும். உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தலையணைமேல் கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். இரவுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு: வீட்டு உத்திரத்தில் தூளி கட்டும் வளையம் இருக்கும். பழைய வேட்டியைத் தொட்டில் போல அதில் தொங்கவிட்டு, முழங்கை முதல் விரல் வரை அதில் கிடத்திப் படுக்கச் சொல்வேன். பேரன் தூங்கிய இடத்தில் தாத்தாவின் கை தூங்கும். காலையில் விரல் பாதியாக வடிந்திருக்கும். பகலில் தோளையும் முழங்கையையும் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை முழுதாகச் சுழற்ற வேண்டும்.

பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தியாக வேண்டும். புகையிலை விரலின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

மரத்துப்போன சுண்டுவிரலுக்கு வருவோம். தைத்த உணர்வு நரம்பு, செடி வேர் விடுவது போல முனையிலிருந்து வளர்ந்து போகிறது. வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். விரல் அடியிலிருந்து நுனி வரை ஆறேழு சென்டிமீட்டர் என்று வைத்தால், ஆரம்ப மந்தத்தையும் சேர்த்து மூன்று, நான்கு மாதம் ஆகும். நடுவே எறும்பு ஊர்வது போலவும் மின்சாரம் அடிப்பது போலவும் இருக்கும். அது நல்ல சகுனம், பயப்பட வேண்டாம். 54 வயதில் உணர்வு முழுக்கப் பழையபடி வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சூடு, குத்தல் தெரியும் அளவுக்குப் பெரும்பாலும் வந்துவிடும். மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீர் பட்டால் அந்த விரல் கடுப்பதும் ஒன்றிரண்டு வருடம் இருக்கலாம்.

அதுவரை அந்த விரலைக் கண்ணால்தான் காப்பாற்ற வேண்டும். டீக்கடைச் சூட்டு டம்ளர், பீடி நெருப்பு, சைலன்சர் எதுவும் அதற்குத் தெரியாது. இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்னவர் நம் பக்கத்து மனிதர்தான். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தார். தொழுநோய் விரலைத் தின்கிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். வலி தெரியாததால் சுட்டும் குத்தியும் அழுத்தியும் அந்த விரல்கள் தேய்கின்றன என்று அவர் காட்டினார். மடங்கிப்போன அந்த விரல்களை, வேலை செய்யும் வேறு தசைநாணை இடம் மாற்றி நிமிர்த்தவும் செய்தார்.

உணர்வு திரும்பத் தொடங்கியதும் மூளைக்கும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்கு அம்மாவை உதவச் சொல்லுங்கள். ஒரு சின்ன அண்டாவில் பச்சரிசி போட்டு, அதற்குள் ஒரு உளுந்து, ஒரு புளியங்கொட்டை, ஒரு ரூபாய்க் காசு, ஒரு சட்டைப் பட்டனைப் புதைத்து வையுங்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு விரலால் தேடி எடுத்து என்னவென்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூடித் தொட வேண்டும். வலங்கைமான் பக்கத்து ஒரு பெரியவர் நெல்லையும் அரிசியையும் தொட்டுப் பிரிக்கும் வரை விடமாட்டேன் என்று நின்றார். ஐந்தாம் மாதம் பிரித்தார்.

எண்ணெய் விஷயம். சொந்தக்காரர்களை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெய்க்கு இதில் இடம் இருக்கிறது, ஆனால் இப்போது இல்லை. ஆபரேஷன் தையல் பிரித்து, தோல் முழுதாக மூடிய பிறகு, தெரபிஸ்ட் காட்டும் விதத்தில் தழும்பின்மேல் மட்டும் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் தழும்பு இளகும், கீழே ஒட்டாது. விரலைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுப்பது போல நீவுவது வேறு. அதைச் செய்யவே கூடாது.

தாமதமானால் என்ன ஆகும் என்று பிறகு சொல்வதாகச் சொன்னேன். சில வாரங்களில் மேலே ஏறிய சதை சுருங்கிக்கொள்ளும், காலியான குழாய் தழும்பால் அடைபட்டுவிடும். அப்போது இரண்டு ஆபரேஷன் தேவைப்படலாம். முதலில் ஒரு சிலிகான் குச்சியை விரலுக்குள் வைத்து மூடி, அதைச் சுற்றிப் புதுக் குழாய் உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் விடுவார்கள். பிறகு குச்சியை எடுத்துவிட்டு, வேறு இடத்துத் தசைநாணை அந்த வழியில் செலுத்துவார்கள். அந்தத் தசைநாண் எங்கிருந்து வரும் என்று பார்க்க ஆசை இருந்தால், உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி தொட்டு மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் ஒரு கயிறு புடைக்கும். அதை எடுத்தாலும் கைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இரண்டு ஆபரேஷன், ஒரு வருடம், வருமானம் இல்லாத இரண்டு போகம். நாளைக்கே கிளம்புங்கள் என்று சொல்வதன் கணக்கு இதுதான்.

வேறு சில கைக் காயங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் அடிக்கடி வருபவை. கரும்புச்சாறு மெஷினிலோ கதிரடிக்கும் பெல்ட்டிலோ கை மாட்டினால், ரிவர்ஸில் சுற்றியோ பிடித்து இழுத்தோ எடுக்காதீர்கள். கரண்ட்டை நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி உருளையை அகற்றுங்கள். மாட்டியபோது ஆன சேதத்தைவிட இழுக்கும்போது ஆகும் சேதம் பெரிது. விரல் துண்டாகிவிட்டால், கையில் ரத்தம் வரும் இடத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து உயர்த்திக்கொள்ளுங்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அறுந்த துண்டைச் சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை கருகிவிடும். இப்படிக் குளிராக வைத்த விரலுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வரை அவகாசம் உண்டு. குளிர் இல்லாவிட்டால் பாதிதான். மணிக்கட்டுக்கு மேலே அறுந்தால், அங்கே சதை இருப்பதால், ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதை மனதில் வைத்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும், ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கக் கூடாது. கட்டைவிரல் என்றால் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள். கையின் வேலையில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு விரலுடையது என்று கணக்கிடுவார்கள். 1965-ல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் முழுதாக அறுந்த கட்டைவிரலை ஒட்டவைத்துக் காட்டினார்கள். இன்று அந்த வேலை தமிழ்நாட்டிலேயே நடக்கிறது.

எலும்பு முறிவுக்குக் கட்டு போட்ட பிறகு விரல்கள் நீலமாகி, நீட்டினால் தாங்க முடியாத வலி வந்தால், அது நாட்டுக் கட்டோ மாவுக்கட்டோ, உடனே அவிழ்க்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து கையே சூம்பிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு மீன் முள்ளோ கருவேல முள்ளோ குத்திய விரல் முழுக்க வீங்கி, தானாக மடங்கி நின்று, நீட்டினால் உயிர் போவது போல வலித்தால், தசைநாண் குழாய்க்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்க நேரம் இல்லை, அன்றைக்கே திறந்து கழுவ வேண்டும்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. "கைக் காயம், டெண்டன் சந்தேகம்" என்று சொல்லி எலும்பு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். அதற்கு மேல் சிக்கலானால் கைக்கென்றே தனிப் பிரிவுள்ள சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, கோவையில் கங்கா மருத்துவமனை இருக்கிறது. எங்கே செய்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே ஒன்று கேளுங்கள்: "மூணாம் நாள்லேர்ந்து பயிற்சி யார் கொடுப்பாங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரணும்?" அதற்குத் தெளிவான பதில் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். முதல் ஆறு வாரம் வாரம் ஒரு முறையாவது வர வேண்டியிருக்கும். மன்னார்குடியிலிருந்து பஸ் இருக்கிறது, அப்பாவுக்கு ஜன்னல் பக்கக் கம்பியைப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் வலது கையால் பிடிக்கச் சொல்லுங்கள்.

பழையபடி வருமா என்றால், நேரத்தோடு தைத்து, பயிற்சியை விடாமல் செய்தவர்களில் பெரும்பாலோர் கையை மூடிப் பொருளைப் பிடித்து வேலைக்குத் திரும்புகிறார்கள். விரல் நுனி உள்ளங்கையைத் தொட ஒரு விரற்கடை மிச்சம் இருப்பதும், முழுதாக நீட்டும்போது லேசான வளைவு இருப்பதும் உண்டு. ஒட்டிக்கொண்டு அசைவு நின்றுவிட்டால், சில மாதம் கழித்து ஒட்டலை மட்டும் விடுவிக்கும் சின்ன ஆபரேஷனும் உண்டு.

போகும்போது கிளினிக்கில் தையல் போட்ட சீட்டு, டிடி ஊசி போட்ட தேதி, சாப்பிடும் மாத்திரைகள், முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, ஆதார், எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். மோதிரம் இருந்தால் இன்று இரவே சோப்புப் போட்டுக் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு அறுக்க வேண்டியிருக்கும். இந்த வாரம் ஆபரேஷன் ஆனால் 12 வாரம் எண்ணிப் பாருங்கள், பொங்கலை ஒட்டி வருகிறது. சம்பா அறுப்பின் ஆரம்பத்தில் அப்பா வரப்பில் நின்று ஆளுக்கு வேலை சொல்லட்டும். மாசி அறுப்பில் அரிவாளைப் பற்றிப் பேசலாம்.